மார்ச் முதல் தேதியின் முந்நூற்றுப் பன்னிரண்டு பட்டாம்பூச்சிகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

சென்ற ஜனவரி பத்தாம் தேதி காலை ஒன்பது மணி நாற்பது நிமிடத்துக்கு நம் குடும்ப வரலாற்றில் இடம்பெறத்தக்க ஒரு முடிவு எடுக்கப்பட்டது. ஃபிரிட்ஜின் அடியில் உள்ள காய்கறி இழுப்பறை இனிமேல் காய்கறிகளுக்கு உரியதல்ல என்பதே அது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது கேரட்டுகள் சாப்பாட்டு மேசையில் வீடு காலி செய்யச் சொல்லப்பட்டவர்களைப் போல வரிசையாகக் கிடந்தன, உன் அம்மா தரையில் உட்கார்ந்து என் பழைய ஷூ பெட்டி ஒன்றை இழுப்பறைக்குள் மெல்ல இறக்கிக்கொண்டிருந்தாள். அந்த முடிவுக்குப் பிறகும் நாங்கள் இருவரும் சௌக்கியமாகவே இருக்கிறோம். உன் அம்மா என்னைவிடக் கொஞ்சம் அதிக சௌக்கியமாக இருக்கிறாள், அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், அவருடைய இருமல் நின்றதா, நீ இன்னமும் சனிக்கிழமைகளில் அலுவலகம் போகிறாயா என்பதையெல்லாம் எழுது. போனில் கேட்டால் எல்லாம் நல்லாயிருக்கு என்று இருவரும் ஒரே குரலில் சொல்கிறீர்கள், எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. உன் அம்மாவும் அப்படித்தான். நடந்ததைப் போனில் உன்னிடம் சொல்லச் சொன்னதற்கு, ஒண்ணும் பெருசா இல்லடி, நகராட்சியில ஒரு சின்னக் கூட்டம் என்று முடித்துவிட்டாள். அது சின்னக் கூட்டம் இல்லை. அதனால் எழுத்தில் இருக்கட்டும்.

ஷூ பெட்டியில் இருந்தவை ஐந்து பட்டாம்பூச்சிகள். உயிரோடுதான். இந்த ஊரில் இலையுதிர்காலம் முடிந்ததும் ஒரு வகைப் பட்டாம்பூச்சி பரண், சைக்கிள் கொட்டகை, திரைச்சீலையின் மடிப்பு என்று எங்காவது ஒட்டிக்கொண்டு, இறக்கையை மூடி, காய்ந்த இலை போல நான்கைந்து மாதம் தூங்கும் என்பது உனக்குத் தெரியும், சின்ன வயதில் நம் பரணில் ஒன்றை நீ இலை என்று நினைத்துக் குப்பையில் போடப் பார்த்திருக்கிறாய். தூங்கப் போகும்முன் உடம்பில் கொஞ்சம் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு போகும். அதுதான் வசந்தம் வரைக்கும் கையிலிருக்கும் சாப்பாடு. இந்த வருடம் ஜனவரி எட்டாம் தேதி முதல் பன்னிரண்டு நாள் வெயில் அடித்தது. குளிர்காலத்தின் நடுவில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கையில்லாத சட்டையோடு உட்கார்ந்திருந்தோம், ஊரே என்ன அருமையான வானிலை என்று ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டது. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பரணில் ஐந்தும் விழித்துக்கொண்டு கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தன. விழித்தால் பறக்கும், பறந்தால் இருக்கிற கொழுப்பு தீரும், வெளியே போனால் ஒரு பூகூடக் கிடையாது. ஐந்து மாதச் சாப்பாட்டை ஒரே வாரத்தில் தின்று தீர்த்துவிட்டு, திரும்பவும் குளிர் வரும்போது வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும். ஆகவே பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்துக் கொடுத்து, பெட்டியில் போட்டு, வெளியில் கிடைக்காத குளிர்காலத்தை ஃபிரிட்ஜுக்குள் ஏற்பாடு செய்துகொடுத்தாள். அந்துப்பூச்சிகளின் கதை இன்னும் மோசம். தொட்டி மண்ணில் கூட்டுப்புழுவாகப் புதைந்து கிடந்தவை ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்து பூசணம் பிடித்துப்போயின. தப்பித்த ஒன்று, ஏப்ரலில் வரவேண்டியது, ஜனவரி பதினான்கில் சமையலறை விளக்குக்கு வந்துவிட்டது. உன் அம்மா தன் நோட்டில் அதன் பக்கத்தில் "தேதி தவறு" என்று எழுதினாள். பூச்சியைத்தான் சொன்னாள். பிற்பாடு அந்த இரண்டு வார்த்தை எத்தனை பேருக்குப் பொருந்தப்போகிறது என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

நோட்டைப் பற்றி உனக்கு விளக்க வேண்டியதில்லை. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் காஞ்சொறி மண்டிய அந்த நீளத் துண்டு நிலத்தை வாரம் ஒருமுறை முந்நூறு அடி போய், முந்நூறு அடி திரும்பி நடந்து, கண்ணில் பட்ட பட்டாம்பூச்சியையெல்லாம் பத்தொன்பது வருடமாக எண்ணி எழுதுகிறாள். நீ ஊரைவிட்டுப் போன வாரத்தில் ஆரம்பித்தது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று இன்றுவரை சொல்லி வருகிறாள், நானும் தலையாட்டி வருகிறேன். தொட்டால் அரிக்கும் அந்தச் செடியைத் தவிர வேறெதையும் அந்தப் பட்டாம்பூச்சியின் புழு தின்னாது, ஊரில் அது மிச்சமிருக்கும் இடம் அது ஒன்றுதான், அதனால்தான் நகராட்சி வெட்டாமல் விட்டுவைத்திருக்கிறது. எண்ணிக்கைகளைப் பட்டாம்பூச்சிச் சங்கத்துக்குக் கொடுப்பாள். சங்கத்தில் இருபத்தேழு பேர், தலைவர் நம் பல் டாக்டர். என்னுடைய கீழ்வரிசைப் பல் இரண்டைக் கட்டிக்கொண்டிருக்கிறாரே, அவரேதான். சென்ற வருடம்வரை காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். இந்த வருடம் கணினிப் படிவம். செய்தவர் டாக்டருடைய மனைவியின் தம்பி. டாக்டர் மச்சான் என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஊரே அவரை மச்சான் என்றுதான் அழைக்கிறது, நகராட்சி அதிகாரிகூட. உறுப்பினர்கள் தேதியைத் தப்புத் தப்பாகப் போடுகிறார்கள் என்று டாக்டர் குறைப்பட்டதால் மச்சான் அதற்கு ஒரு வழி செய்தார். பட்டாம்பூச்சி பறக்கும் காலம் மார்ச் முதல் அக்டோபர் வரை. ஆகவே படிவத்துக்கு அந்த மாதங்கள் மட்டும்தான் தெரியும். வேறு மாதத்தைப் போட்டால் மறுக்காது, கோபித்துக்கொள்ளாது, தனக்குத் தெரிந்தவற்றில் கிட்டத்தில் இருக்கும் தேதிக்குச் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டு, உங்கள் பதிவுக்கு நன்றி என்று சிரிக்கும் பட்டாம்பூச்சிப் படம் ஒன்றைக் காட்டும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நல்ல ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை.

அந்தப் பன்னிரண்டு நாளில் உன் அம்மா நாற்பத்தொரு பட்டாம்பூச்சி பார்த்தாள். நாற்பத்தொரு முறை படிவத்தை நிரப்பினாள், நாற்பத்தொரு முறை படம் சிரித்தது. ஆறாம் எண் பேருந்தின் ஓட்டுநரும் சங்கத்தில் உறுப்பினர், அவர் காலையில் வண்டி எடுக்கும்போது முன்கண்ணாடியின் உள்பக்கம் துடித்துக்கொண்டிருந்தவற்றைச் சேர்த்துப் பதினேழு போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். பிறகு பிப்ரவரி வந்தது, பழைய பாக்கியெல்லாம் சேர்த்துவைத்திருந்தது போல ஒரு குளிர். உன் அம்மா தினமும் பணிமனைச் சுவரோரம் போய்க் குனிந்து குனிந்து எதையோ பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தாள். எல்லாம் இறக்கைகள். மார்ச் முதல் தேதி பனி கொட்டியது, கதவைத் திறக்கவே நான் மண்வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு வந்த நான்கு சனிக்கிழமைகளில் காஞ்சொறிப் பாதையில் அவள் எண்ணியவை பூஜ்யம், பூஜ்யம், இரண்டு, பூஜ்யம். இரண்டு என்றது ஒரே பூச்சியாகவும் இருக்கலாம் என்று நோட்டில் குறித்திருக்கிறாள். நேர்மை என்றால் இவ்வளவு வேண்டாம் என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் பிழை திருத்தியவன் என்பதால் சங்கத்தின் வசந்தகால அறிக்கையை அச்சுக்குப் போகுமுன் டாக்டர் என்னிடம்தான் கொடுத்தார். நான் மூன்று நாள் உட்கார்ந்து பதினான்கு இடங்களில் காற்புள்ளி சேர்த்தேன், ஆறு இடங்களில் எடுத்தேன். "சங்க வரலாற்றில் இணையற்ற வசந்தத் தொடக்கம்: மார்ச் முதல் தேதி ஒரே நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பட்டாம்பூச்சிகள்" என்ற தலைப்பில் முற்றுப்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன். வேண்டாம் என்று முடிவு செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மண்வெட்டி பிடித்த தோள்வலி அப்போதும் எனக்குப் போயிருக்கவில்லை. அறிக்கை அச்சாகி வந்தது, உள்ளூர்ச் செய்தித்தாள் முதல் பக்கத்தில் போட்டது, டாக்டர் வானொலியில் பேசினார். வழக்கமாக மார்ச் முதல் தேதிக்கு எழுபது வந்தால் பெரிய விஷயமாம். நான்கு மடங்குக்கு மேல். டாக்டரின் மகிழ்ச்சியில் கலந்துகொண்ட நகராட்சி, பட்டாம்பூச்சிகள் இவ்வளவு பெருகிவிட்டபடியால் பணிமனைக்குப் பின்னாலுள்ள நிலத்தை இனியும் பாதுகாக்க வேண்டியதில்லை, அங்கே சிமெண்ட் போட்டுப் பேருந்து கழுவும் தளம் அமைக்கலாமா, சங்கத்துக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டது. வெற்றி பெற்றவர்கள் தாராளமாக இருக்க வேண்டும் அல்லவா, ஆட்சேபம் இல்லை என்று டாக்டர் கையெழுத்திட்டார். பொதுமக்கள் யாராவது ஏதாவது சொல்ல விரும்பினால் ஏப்ரல் இரண்டாவது புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்து சொல்லலாம், வியாழக்கிழமை இயந்திரம் வரும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

உன் அம்மா அறிக்கையைக் காலைச் சாப்பாட்டின்போதுதான் பிரித்தாள். இரண்டாம் பக்கத்தில் தன் பெயருக்கு எதிரே மார்ச் முதல் தேதி, நாற்பத்தொன்று என்று இருந்ததைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ரொட்டியைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "என்னங்க, மார்ச் ஒண்ணாந்தேதி நான் எங்க இருந்தேன்?" என்றாள். போர்வைக்குள் இருந்தாய், வெந்நீர்ப் பையைக் காலில் வைத்துக்கொண்டு, என்றேன். "அப்போ இந்த நாற்பத்தொண்ணையும் யாருங்க பாத்தது?" நான் காற்புள்ளிகளைப் பற்றி ஏதோ சொன்னதாக ஞாபகம். அதன் பிறகு இரண்டு நாள் அவள் என்னிடம் நேராகப் பேசவில்லை, ஃபிரிட்ஜைத் திறந்து இழுப்பறையிடம் பேசினாள். பிப்ரவரியில செத்ததெல்லாம் மார்ச்சுல பறந்துச்சாம், கேட்டுக்கோங்க, படிச்சவங்க சரிபாத்திருக்காங்க, என்று பூச்சிகளுக்குத் தகவல் போய்க்கொண்டிருந்தது. டாக்டருக்குப் போன் செய்தாள். கணினி தப்புப் பண்ணாதும்மா என்றார். மச்சானுக்குப் போன் செய்தாள். தேதியைப் படிவம் மாற்றவில்லை, திருத்தியது, மாற்றுவது வேறு திருத்துவது வேறு என்று அவர் இருபது நிமிடம் வகுப்பெடுத்தார். பத்தொன்பது வருடம் நடந்த பாதை, ஊரில் அந்தப் புழுவுக்கு இருக்கும் ஒரே சாப்பாடு, அது சிமெண்டுக்குள் போகப் போகிறது, அதற்குச் சாட்சிக் கையெழுத்தாக அவளுடைய நாற்பத்தொன்றே இருக்கிறது. என் கையாலேயே வெட்டிக் கொடுத்த மாதிரி இருக்குங்க என்று மூன்றாம் நாள் என்னிடம் சொன்னாள். உன் அம்மா குரல் தழைந்து பேசி நான் கேட்டது அபூர்வம். அன்று கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் என் கோப்பைத் தேடி எடுத்தேன். உனக்கு அந்தக் கோப்பு தெரியும், வீடு மாறும் ஒவ்வொரு முறையும் நீயும் உன் அம்மாவும் தூக்கி எறியச் சொல்வீர்களே, அதுதான். எனக்கு வரும் கடிதங்களில் அலங்காரம் மிஞ்சிப்போனவற்றைப் போட்டுவைத்து, மனசு சரியில்லாத நாளில் எடுத்துப் படித்துச் சிரிப்பேன். அதில் டாக்டருக்குத் தனி உறை உண்டு. சங்கத்தின் வசந்த நடைப்பயணம் மார்ச் முதல் தேதி என்று ஏற்பாடாகியிருந்தது, அதை ரத்து செய்து அன்று காலை உறுப்பினர்கள் வீட்டுக்கெல்லாம் ஒரு சுற்றறிக்கை கொடுத்தனுப்பினார். உன் அம்மா அதில் ரத்து என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி படுத்துவிட்டாள். நான் முழுவதும் படித்து, ரசித்து, கோப்பில் போட்டேன். அதைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். இரண்டு முறை படித்தாள். பிறகு எழுந்து போய் எனக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு நாளில் முதல் காபி. ஆனால் ஒன்று சொன்னாள். இதை நீங்க எந்திரிச்சுப் படிச்சுக் கலாட்டா பண்ணக்கூடாது, உங்க பல்லு பாதி அவர்கிட்ட இருக்கு, நானே பாத்துக்குறேன். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

புதன்கிழமை நகராட்சி அலுவலகத்தின் மூன்றாம் மாடி. நீள மேசை, அதன்மேல் கண்ணாடி, கண்ணாடிக்கடியில் யாரோ எப்போதோ வைத்த பேருந்து அட்டவணை, மூலையில் பிளாஸ்டிக் செடி ஒன்று, அதற்கும் யாரோ தண்ணீர் ஊற்றிவருவதால் தரையில் கறை. பூங்காத்துறை அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, நல்ல மாதிரி, எதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுப்பவர். டாக்டரும் மச்சானும் அவருக்கு வலதுபக்கம், மச்சான் கையில் மடிக்கணினி. எங்கள் பக்கம் உன் அம்மா, நான், பணிநேரத்துக்கு முன்னால் சீருடையோடு வந்த ஓட்டுநர். உன் அம்மா நோட்டை நீட்டினாள். அதிகாரி மரியாதையாக நாலு பக்கம் புரட்டிவிட்டு, "அம்மா, நோட்டுங்கறது ஒருத்தரோட ஞாபகம். இங்க இருபத்தேழு பேரோட பதிவு இருக்கு, கணினி இருக்கு" என்றார். உன் அம்மா பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்தாள். நூற்று அறுபத்து மூன்று இறக்கைகள். நாலால் வகுத்தால் நாற்பது பூச்சி, மிச்சம் மூன்று இறக்கை, பிப்ரவரியில் ஒரே சுவரடியில் பொறுக்கியது, ஜனவரி வெயிலில் விழித்துப் பட்டினியில் செத்தவை என்றாள். அதிகாரி டப்பாவைப் பார்த்துவிட்டுத் தன் டீ டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். மனதைத் தொட்டது என்று நினைக்கிறேன், ஆனால் மனதுக்குக் கோப்பில் இடமில்லை. ஓட்டுநர் எழுந்து தன்னுடைய பதினேழும் ஜனவரியில் பார்த்ததுதான் என்றார். வண்டி ஓட்டுகிறவருக்குத் தேதி குழம்புவது சகஜம் என்று டாக்டர் கனிவாகச் சொன்னார். ஓட்டுநர் கோபப்படவில்லை. "டாக்டர், எனக்குத் தேதி தப்பினா ஊரே நடந்துதான் போகணும். யாராச்சும் நடந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் உன் அம்மா கைப்பையைத் திறந்தாள். அதிலிருந்த காகிதத்தை மருந்துச் சீட்டு எடுப்பவள் போல மெதுவாக எடுத்தாள். சுற்றறிக்கையை மேசையின் குறுக்கே டாக்டரிடம் தள்ளி, உங்க கையெழுத்துதானே டாக்டர், கொஞ்சம் சத்தமா படிச்சீங்கன்னா எல்லாருக்கும் கேக்கும், கண்ணாடி வேணுமா, என் கண்ணாடி தரட்டுமா என்றாள். தன் எழுத்தைத் தானே வாசிக்கச் சொன்னால் டாக்டர் மறுத்து நான் பார்த்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு வானொலிக் குரலில் தொடங்கினார். "அன்பார்ந்த உறுப்பினர்களே, மார்ச் முதல் தேதியாகிய இன்று வானமே வெண்போர்வை போர்த்தி நிற்க, வாசற்படியும் தெரியாத இக்கொடும் பனியில், ஓர் ஈ எறும்புகூட வெளியே தலைகாட்ட இயலாத இந்நாளில்," என்று அவ்வளவு ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக்கொண்டே போனவர், இந்நாளில் என்ற இடத்தில் நின்றார். பிறகு அந்த வரியை மனதுக்குள் மறுபடி படித்தார், உதடு அசைந்தது. அன்னிக்குத்தான் முந்நூத்திப் பன்னிரண்டு பறந்துச்சு மேடம் என்று ஓட்டுநர் அதிகாரியிடம் தகவல் சொன்னார். பனியிலும் சில வகை பறக்கலாமே என்று மச்சான் ஆரம்பித்தார், டாக்டர் அவரைப் பார்த்த பார்வையில் பல் பிடுங்கும் சாமான் அத்தனையும் இருந்தது.

ஆனால் எங்களைக் காப்பாற்றியது மச்சான்தான், அதை நான் எங்கும் சொல்வேன். அதிகாரி அவரிடம், ஜனவரி பத்தாம் தேதி ஒரு பட்டாம்பூச்சி பார்த்ததாக இப்போது போட்டுக்காட்டுங்கள் மச்சான் என்றார். அவர் உற்சாகமாகத் தட்டினார். படம் சிரித்தது. பதிவைத் திறந்துகாட்டச் சொன்னார். மார்ச் ஒன்று. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, டிசம்பர் இருபது போடுங்கள் என்றார். அது அக்டோபர் முப்பத்தொன்று. மச்சான் முகத்தில் ஒரு தகப்பனுடைய பெருமை. "பாத்தீங்களா மேடம், தப்பான தேதி கொடுத்தா ஏத்துக்கவே ஏத்துக்காது. அதான் இதுல விசேஷம்." அதிகாரி, டாக்டர் கையெழுத்திட்ட ஆட்சேபம் இல்லைக் கடிதத்தை அவர் பக்கமே திருப்பித் தள்ளி, இதை நீங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறீர்களா, இல்லை நான் காரணம் எழுதி நிராகரிக்கட்டுமா என்று கேட்டார். டாக்டர் வாங்கிக்கொண்டார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு அதிகாரி உன் அம்மாவின் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். பத்தொன்பது வருடத்தையும் படித்தார், மகளே. எங்களுக்கும் டீ வந்தது. நடுவில் ஓரிடத்தில் விரலை வைத்து, இந்த வருஷம் ஆகஸ்டுல மூணு வாரம் காலியா இருக்கே என்றார். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அது என் பொண்ணுக்கு ஆபரேஷன் ஆச்சு, அவ ஊருக்குப் போயிருந்தேன், போகாத வாரத்துக்கு எப்படிங்க எழுதுறது என்றாள். அதிகாரி நோட்டை மூடினார். "இந்த நோட்டை நம்பலாம்" என்று, எங்களிடம் இல்லை, பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தரிடம் சொன்னார். எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். ஆக, நகராட்சியின் கோப்பில் அந்த வாக்கியம் இருக்கிறது. உன் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும்படி நகல் ஒன்று வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன்.

நிலம் பிழைத்தது. கழுவும் தளத் திட்டம் கைவிடப்பட்டதாக அடுத்த திங்கட்கிழமையே கடிதம் வந்துவிட்டது, வியாழக்கிழமை வரவேண்டிய இயந்திரம் வரவில்லை. அறிக்கையைத் திரும்பப் பெற்றுப் புதிதாக அச்சிட்டார்கள், அதில் முந்நூற்றுப் பன்னிரண்டும் ஜனவரிக்குப் போயின, மார்ச் முதல் தேதிக்கு எதிரே பூஜ்யம். இந்த முறையும் நான்தான் பிழை பார்த்தேன், காற்புள்ளிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சங்கம் உன் அம்மாவைப் பதிவுச் சரிபார்ப்பாளராகத் தேர்ந்தெடுத்தது, முன்மொழிந்தவர் டாக்டர். அவர் மறுபடியும் வானொலியில் பேசினார். குளிர்காலம் சூடாகிப் பட்டாம்பூச்சிகள் வேளை கெட்டு விழிக்கின்றன, விழித்துப் பட்டினி கிடக்கின்றன, இந்த அபாயத்தை முதலில் கண்டுபிடித்தது எங்கள் சங்கமே என்று முழங்கினார். நான் வானொலியை அணைக்க எழுந்தேன். உன் அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, சொல்றது சரியாத்தானே இருக்கு, யார் வாயால வந்தா என்ன என்றாள். மறுநாள் என் பல்லுக்கு நாள் குறித்திருந்தது, போனேன். டாக்டர் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, என் வாயில் அவருடைய இரண்டு கையும் இருந்ததால் நானும் பேசவில்லை. வேலை சுத்தமாக இருக்கிறது, இப்போது முறுகலான ரொட்டிகூடக் கடிக்கிறேன்.

சென்ற சனிக்கிழமை நல்ல வெயில், முறையான ஏப்ரல் வெயில். இழுப்பறைப் பெட்டியைக் கொண்டுபோய்க் காஞ்சொறிப் பாதையில் திறந்தோம். ஒன்று எழுந்திருக்கவே இல்லை. மற்ற நான்கும் ஐந்து நிமிடம் இறக்கையை விரித்து விரித்துச் சூடேற்றிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிப் பணிமனைக் கூரை உயரத்துக்குப் போயின. உன் அம்மா கைதட்டினாள். அவள் கைதட்டி நீ பார்த்திருக்கிறாயா, நான் பார்த்ததில்லை, இரண்டு பஸ் கண்டக்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைய எண்ணிக்கையில் அந்த நான்கையும் சேர்க்க மாட்டேன் என்றுவிட்டாள், நாமே விட்டதை நாமே எண்ணக்கூடாதாம். அதற்குமுன் நடந்தபோது பார்த்த ஒன்றை மட்டும் எழுதினாள். ஒன்று என்று எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தவளை அன்றுதான் கண்டேன்.

உனக்குச் சொல்ல வேண்டியவை சில. வெயில் வந்துவிட்டது என்று கம்பளி உடைகளை உடனே கட்டி மேலே போட்டுவிடாதே, இந்த வருட வெயிலை நம்புவதற்கில்லை. அடுத்த குளிர்காலத்தில் உங்கள் வீட்டுத் திரைச்சீலையிலோ மாடிப்படிக்கடியிலோ காய்ந்த இலை மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் பெருக்குமுன் ஊதிப் பார், அசைந்தால் சூடான அறைக்குக் கொண்டுவராமல் ஒரு பெட்டியில் போட்டுக் குளிர்ச்சியான இடத்தில் வை. மாப்பிள்ளையிடம் சொல்லி வை, அவர் அவசரக்காரர். சனிக்கிழமை வேலையை விட்டுவிடு. அலுவலகத்தில் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பும் தேதியைப் பார், என்னைப் போல நிறுத்தக்குறிகளைப் பார்த்துக்கொண்டிருக்காதே. உன் அம்மா இந்தக் கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு ரொம்பப் பெரிதுபடுத்தியிருப்பதாகச் சொல்கிறாள், ஆனால் எதையும் அடிக்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் உடம்பில் தெம்பும் மனதில் சிரிப்புமாக நீண்டநாள் வாழவேண்டும், நினைத்த காரியமெல்லாம் நினைத்த மாதத்திலேயே கைகூட வேண்டும் என்று எங்கள் இருவர் ஆசியும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே, அம்மாவிடம் கூட்டத்தைப் பற்றி நீயாகவே கேள், கேட்டால்தான் சொல்வாள்.

என்றும் உன் அன்பு அப்பா

பின்குறிப்பு: கழுவும் தளம் இல்லையென்று ஆனதால், வண்டிகளை அவரவரே சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று பணிமனையில் உத்தரவு போட்டிருக்கிறார்கள். ஆறாம் எண் பேருந்தின் ஓட்டுநர் தினமும் பணி முடிந்த பிறகு தன் வண்டியைக் கையால் கழுவுகிறார். ஒரு பேருந்துக்குப் பதினான்கு வாளித் தண்ணீர் பிடிக்கிறது.